விளம்பரத்தைத் தடுத்தால் வீடியோ கிடையாது

யூடியூபில் காசு கொடுக்காமல் வீடியோ பார்ப்பவர் அதற்கு ஈடாக விளம்பரம் பார்க்க வேண்டும். இது அந்தத் தளம் போட்ட கணக்கு. விளம்பரத்தை மட்டும் கழித்துவிட்டு வீடியோவை ஓடவிடும் மென்பொருளுக்கு ஆட் பிளாக்கர் என்று பெயர். பல ஆண்டுகள் இதைக் கண்டும் காணாமல் இருந்த யூடியூப், 2023 மே மாதம் சிலருடைய திரையில் மட்டும் சோதனையாக ஓர் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டியது. ஆட் பிளாக்கருக்கு இங்கே அனுமதி இல்லை, விளம்பரத்தை ஓடவிடுங்கள் அல்லது பிரீமியம் சந்தா கட்டுங்கள் என்றது அந்தப் பெட்டி. ஜூன் கடைசியில் கெடுவும் சேர்ந்தது: மூன்று வீடியோவுக்குப் பிறகு பிளேயர் நின்றுவிடும். அதே ஆண்டு நவம்பருக்குள், இது உலகம் முழுவதற்குமான நடவடிக்கைதான் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பணயம் பெரிது. தாய் நிறுவனமான ஆல்ஃபாபெட்டின் கணக்கில் யூடியூப் விளம்பர வருமானம் 2023ல் சுமார் 3,150 கோடி டாலர், 2024ல் சுமார் 3,610 கோடி டாலர். அதனால் பிரவுசரில் தொடங்கிய கெடுபிடி அடுத்த இரண்டு ஆண்டுகளில் கைபேசிச் செயலிகளுக்கும் பரவியது. விளம்பரத்தை வீடியோவுக்குள்ளேயே வைத்துத் தைக்கும் சோதனை வரை போனது.

ஆனால் இந்தச் சண்டையின் களம் பெரும்பாலும் லேப்டாப். இந்தியாவில் பார்வையாளர்கள் இருப்பதோ கைபேசியில். பாலாற்றை ஒட்டிக் கிழக்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கி வேலூர் வழியாக மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் பகுதியில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2019ல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டம் இது. காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகம், வேலூர் நகரில் சிஎம்சி மருத்துவமனை, ஆம்பூரில் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு ஷூ தைக்கும் கம்பெனிகள், பேரணாம்பட்டில் டேனரிகள். எல்லோரும் பார்ப்பது ஒரே யூடியூப்தான். ஆனால் விளம்பரத்திலிருந்து தப்பிக்கும் வழி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததே இல்லை.

ஐந்து விநாடியின் கணக்கு

2005ல் பிறந்த யூடியூபை 2006ல் கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே வீடியோவின் அடிப்பகுதியில் பட்டை விளம்பரங்கள் வந்தன; வீடியோ போடுபவரோடு வருமானத்தைப் பங்கிடும் திட்டமும் 2007லேயே தொடங்கியது. இன்றைய ஸ்கிப் பட்டன் வந்தது 2010 டிசம்பரில். ஐந்து விநாடி கழித்து விளம்பரத்தைத் தாண்டிவிடலாம். 30 விநாடி வரை (விளம்பரம் அதைவிடச் சிறியதானால் முழுவதும்) பார்த்தாலோ, அதைத் தொட்டு உள்ளே போனாலோதான் விளம்பரம் கொடுத்தவர் பணம் கட்டுவார்.

காலையில் குடியாத்தம், பேரணாம்பட்டு, மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆம்பூருக்குப் பெண்களை ஏற்றிவரும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஒருவர் 12 நிமிடச் சமையல் வீடியோவைத் திறக்கிறார் என்று கொள்ளலாம். முதலில் ஒரு நகைக்கடை விளம்பரம், 15 விநாடி, தாண்ட முடியாது. இதற்கு விளம்பரதாரர் காசு கட்டியாக வேண்டும். அடுத்து ஒரு கல்லூரி அட்மிஷன் விளம்பரம். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்கி முடிந்ததும் கட்டைவிரல் ஸ்கிப்பைத் தொடுகிறது. கல்லூரியின் பெயர் அந்த ஐந்து விநாடிக்குள் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் கல்லூரிக்குச் செலவு இல்லை, சமையல் சேனலுக்கு வரவும் இல்லை. வெங்காயம் வதங்கும் இடத்தில் மூன்றாவது விளம்பரம் குறுக்கிடும். எட்டு நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோவில்தான் இப்படி நடுவில் விளம்பரம் சொருக முடியும். 2020 ஜூலை வரை இந்த வரம்பு பத்து நிமிடமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய ரசம் ஏன் ஒன்பது நிமிடம் கொதிக்கிறது என்பதற்கு இந்த விதி பாதிக் காரணம்.

நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு, 45 யூடியூபுக்கு. ஷார்ட்ஸ் எனப்படும் குறும் வீடியோக்களில் சேனல்களுக்கென ஒதுக்கப்படும் தொகையில் அவற்றின் பங்கு 45 சதவீதம்; இது 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இந்தியப் படைப்பாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் ஊடக நிறுவனங்களுக்கும் சேர்த்து ரூ.21,000 கோடிக்கு மேல் கொடுத்திருப்பதாக, 2025 மே மாதம் மும்பையில் நடந்த வேவ்ஸ் மாநாட்டில் யூடியூப் தலைவர் நீல் மோகன் அறிவித்தார். புதுக்கோட்டை மாவட்டத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டு, முதல்வர் நிவாரண நிதிக்கு ரூ.10 லட்சம் கொடுத்தது இந்த வருமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழர்களுக்குக் காட்டியது. ஆட் பிளாக்கர் போட்டவர் படைப்பாளியின் வயிற்றில் அடிக்கிறார் என்ற யூடியூபின் வாதத்துக்கு இங்கேதான் வலு.

அந்த வலு எல்லாச் சேனலுக்கும் பொருந்தாது. பங்கு வேண்டுமானால் ஆயிரம் சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் உள்ள முக்கிய வரம்பு. (ஷார்ட்ஸுக்கு வேறு கணக்கு உண்டு.) இந்த வரம்பைத் தொடாத சேனல்களிலும் விளம்பரம் ஓட்டும் உரிமையைத் தன் விதிமுறையில் யூடியூப் எழுதிக்கொண்டது, அமெரிக்காவில் 2020 நவம்பரிலும் மற்ற நாடுகளில் 2021 ஜூனிலும் அது அமலுக்கு வந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஊர்ப் பையன்கள் கைபேசியில் எடுத்து ஏற்றுகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவும், வாணியம்பாடிப் பக்கத்து உருதுக் கவியரங்கமான முஷாயிராவும் அப்படியே ஏறுகின்றன. அவற்றின் முன்னால் விளம்பரம் ஓடினால் அந்த வருமானத்தில் எடுத்தவருக்குப் பைசா இல்லை. அங்கே விளம்பரத்தைத் தடுப்பவர் படைப்பாளிக்கு நஷ்டம் எதுவும் வைப்பதில்லை.

கடைக்காரர்கள் பலர் இந்த வழியையே சுற்றிக்கொண்டு போகிறார்கள். பிரியாணிக் கடை கூகுளுக்குப் பணம் கட்டுவதை விட, சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டு வைத்து, பாராட்டிப் பேசவைப்பதையே விரும்பும். வீடியோவே விளம்பரமாகிவிடும்போது தடுப்பதற்கு என்ன இருக்கிறது? பணமோ பொருளோ வாங்கிப் பேசினால் அதைத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021ல் நெறிமுறை வகுத்தது. எத்தனை பிரியாணி வீடியோக்களில் அந்தக் குறிப்பு இருக்கிறது என்பதைப் பார்ப்பவரே எண்ணிக்கொள்ளலாம்.

தடுப்பானின் வரலாறு

டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சென் 2002ல் எழுதிய ஆட்பிளாக் என்ற சிறு நிரலே, விளம்பரம் தடுக்க இன்று பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களின் மூதாதை. அதன் வழியில் 2006ல் விளாடிமிர் பலாண்ட் உருவாக்கிய ஆட்பிளாக் பிளஸ் உலகம் முழுவதும் பரவியது. அதை நடத்த ஜெர்மனியின் கொலோன் நகரில் ஐயோ என்ற நிறுவனம் 2011ல் தொடங்கப்பட்டது. கண்ணை உறுத்தாத விளம்பரங்களை மட்டும் விட்டுவைக்கும் பட்டியல் ஒன்றை அது உருவாக்கி, அதில் இடம்பெறப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கியது. கட்டியவர்களில் கூகுளும் உண்டு என்று 2015ல் செய்தி வந்தது. இன்று ஆட் பிளாக்கரை விரட்டும் நிறுவனம் அன்று ஆட் பிளாக்கருக்கே கப்பம் கட்டியிருக்கிறது. இந்த வியாபாரம் பிடிக்காதவர்கள், ரேமண்ட் ஹில் 2014ல் வெளியிட்ட யூபிளாக் ஆரிஜின் பக்கம் சாய்ந்தார்கள். நன்கொடையே வாங்காத நிரல் அது.

இந்தியாவில் ஆட் பிளாக்கர் வந்த வழி வேறு. இங்கே அதைக் கொண்டுவந்தது சீன நிறுவனமான அலிபாபாவின் யூசி பிரவுசர். டேட்டா காசு போலக் கரைந்த 2ஜி, 3ஜி காலத்தில், பக்கத்தைச் சுருக்கி விளம்பரத்தையும் நீக்கிக் கொடுத்த பிரவுசர் சிறு நகரங்களில் வேர் பிடித்தது இயல்பே. பேஜ்ஃபேர் நிறுவனத்தின் 2016 அறிக்கை, கைபேசி பிரவுசரில் விளம்பரம் தடுப்போர் உலகில் சுமார் 42 கோடி என்றும், அதில் சீனாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் 12 கோடிக்கு மேல் என்றும் சொன்னது. அவர்களில் பலருக்குத் தாங்கள் எதையும் தடுப்பதாகவே தெரிந்திருக்காது. சீக்கிரம் திறக்கிறது என்பதற்காக வைத்திருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் யூசி பிரவுசரும் போனது.

அதற்குள் ஜியோ வந்து ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆகிவிட்டது. 2014ல் ஒரு ஜிபிக்குச் சுமார் ரூ.270 ஆக இருந்த டேட்டா விலை பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. டேட்டாவை மிச்சம் பிடிக்க ஆட் பிளாக்கர் என்ற பழைய காரணம் இன்று எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் 15 விநாடி விளம்பரம் ஏறக்குறைய 2 எம்பி. ஒரு நாளில் இருபது பார்த்தாலும் 40 எம்பி. தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் இது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. நேரம்தான் போகிறது: இருபது விளம்பரம், ஐந்து நிமிடம். எட்டு மணி நேரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, வீட்டு வேலை முடித்து, படுக்கும் முன் அரை மணி நேரம் வீடியோ பார்க்கிறவருக்கு அது சின்னக் கணக்கு இல்லை.

பூனையும் எலியும்

ஆட் பிளாக்கரின் அடிப்படை வேலை எளியது. பக்கம் ஒன்று திறக்கும்போது பல முகவரிகளிலிருந்து துண்டு துண்டாகத் தகவலைக் கேட்கும். விளம்பரம் வரும் முகவரிகளின் பெரிய பட்டியல் ஒன்றைத் தன்னார்வலர்கள் அன்றாடம் புதுப்பிக்கிறார்கள். பட்டியலில் உள்ள முகவரிக்குப் போகும் கோரிக்கையைத் தடுப்பான் வெட்டிவிடும்.

யூடியூபில் இது மட்டும் போதாது. விளம்பர வீடியோவும் அசல் வீடியோவும் ஒரே வகை சர்வர்களிலிருந்து வருகின்றன. முகவரியை வெட்டினால் இரண்டும் போகும். விளம்பர முகவரிகளைத் தடுக்கும்படி கைபேசியில் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி வைத்தவர்கள் விளையாட்டுச் செயலிகளில் விளம்பரம் மறைவதையும், யூடியூபில் மட்டும் அசையாமல் நிற்பதையும் பார்ப்பது இதனால்தான். பிரவுசரில் ஓடும் தடுப்பான் நுட்பமாக வேலை செய்யும்: எந்த இடத்தில் எந்த விளம்பரம் என்று பிளேயருக்கு வரும் குறிப்பைப் பிரித்து, விளம்பரம் பற்றிய வரிகளை மட்டும் கிள்ளி எறிந்துவிடும். தனக்கு விளம்பரமே இல்லை என்று பிளேயர் நம்பிக்கொள்ளும். 2023 இலையுதிர் மாதங்களில் யூடியூப் இந்தக் குறிப்பின் அமைப்பை அடிக்கடி மாற்றியது. யூபிளாக் ஆரிஜின் குழு ஒரே நாளில் பலமுறை பட்டியலைப் புதுப்பித்தது. பல வாரங்கள் இரு தரப்பும் தூங்கியதாகத் தெரியவில்லை.

அடுத்த அடி பிரவுசர் பக்கமிருந்து வந்தது. எக்ஸ்டென்ஷன்கள் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதியை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் குரோம் மாற்றியது. ஒவ்வொரு கோரிக்கையையும் நேரில் பார்த்து வெட்டும் அதிகாரம் எக்ஸ்டென்ஷனிடமிருந்து பறிக்கப்பட்டது. முன்கூட்டியே எழுதிக்கொடுத்த, எண்ணிக்கை வரம்புள்ள விதிகளை பிரவுசரே செயல்படுத்தும். பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் செய்த மாற்றம் என்கிறது கூகுள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கெட்ட நோக்கமுள்ள எக்ஸ்டென்ஷன்கள் அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் உலகின் பெரிய பிரவுசரும், பெரிய வீடியோ தளமும், பெரிய விளம்பரச் சந்தையும் ஒரே வீட்டில் இருக்கும்போது அந்த விளக்கத்தை அப்படியே விழுங்குவது கடினம். 2024 இலையுதிர் காலத்தில் பழைய எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படத் தொடங்கி, 2025 நடுவில் குரோமிலிருந்து யூபிளாக் ஆரிஜின் முழுதாக வெளியேறியது. வலுக்குறைந்த லைட் பதிப்பு அங்கே இருக்கிறது. முழுப் பதிப்பு ஃபயர்பாக்ஸில் தொடர்கிறது.

மூன்றாவது அடிதான் கனமானது. விளம்பரத்தைத் தனித் துண்டாக அனுப்பாமல் சர்வரிலேயே வீடியோவோடு ஒட்டி ஒரே ஓடையாக அனுப்புவதை யூடியூப் 2024 ஜூனில் சோதிப்பது வெளியே தெரிந்தது. நேரலை விளையாட்டுத் தளமான ட்விச் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. எது விளம்பரம், எது வீடியோ என்று பிரிக்க முடியாதபோது பழைய பட்டியல்களுக்கு வேலை இல்லை.

சண்டையில் சம்பந்தமில்லாத கண்ணாடிகளும் உடைந்தன. 2025 ஆகஸ்ட் நடுவில் பல சேனல்களின் கம்ப்யூட்டர் வழிப் பார்வை எண்ணிக்கை திடீரென்று சரிந்தது. தடுப்பான்களின் பட்டியலில் செய்த ஒரு மாற்றம், பார்வையை எண்ணும் சமிக்ஞையையும் சேர்த்து வெட்டிவிட்டது என்று பின்னர் தெரியவந்தது. விளம்பரத் தடுப்பான்கள் எண்ணிக்கையைப் பாதிக்கலாம் என்று யூடியூபும் சொன்னது. பார்வை குறைந்தது, வருமானம் அந்த அளவுக்குக் குறையவில்லை. எண்ணிக்கையிலிருந்து மறைந்தவர்கள் விளம்பரம் பார்க்காதவர்கள்தானே.

லேப்டாப் வைத்திருப்பவரும் கைபேசி வைத்திருப்பவரும்

இவ்வளவும் கம்ப்யூட்டர் பிரவுசரின் கதை. தோல் தொழில் பகுதியில் அதன் பாதிப்பு விஐடி விடுதி மாணவர்களுக்கும், ஆம்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், அவர்களைப் போன்றவர்களுக்கும் உரியது. எக்ஸ்டென்ஷன் போடத் தெரிந்தவர்கள் இத்தனை காலம் விளம்பரம் இல்லாத யூடியூபைப் பார்த்தார்கள். யூடியூப் செயலியில் எக்ஸ்டென்ஷன் போட இடமே கிடையாது. கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்ணுக்கு 2023ல் புதிதாக எதுவும் நடக்கவில்லை. அவருக்கு முதல் நாளிலிருந்தே கதவு மூடித்தான் இருந்தது. யூடியூபின் கெடுபிடி, லேப்டாப்காரரையும் அவர் நிற்கும் வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

கைபேசியில் தப்பிக்க இருந்த வழி மோட் ஆப். யூடியூப் செயலியைப் பிரித்து விளம்பரத்தை எடுத்துவிட்டு, திரை அணைந்த பிறகும் பாட்டு ஓடும்படி செய்த வான்ஸ்டு என்ற செயலி பிளே ஸ்டோரில் இருக்காது. ஏபிகே கோப்பாக வாங்கி ஏற்ற வேண்டும். இத்தகைய கோப்புகள் பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறிப் பரவின. கூகுளின் சட்ட நெருக்கடியால் வான்ஸ்டு 2022 மார்ச்சில் மூடப்பட்டது. பெயர் மாறிய வாரிசுகள் வந்தன. 2024 ஏப்ரலில் யூடியூப் இவ்வகைச் செயலிகளையும் குறிவைத்தது: விளம்பரத்தைத் தடுக்கும் மூன்றாம் தரப்புச் செயலியில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கலாம், அல்லது இந்தச் செயலியில் கிடைக்காது என்ற செய்தி வரலாம் என்று அறிவித்தது.

பணத்தைவிட ஆபத்தான கணக்கு இங்கே ஒன்று உண்டு. மோட் ஆப்புக்குள் கூகுள் கணக்கைக் கொடுத்து நுழைபவர், அதே கணக்கில் ஜிமெயிலையும் புகைப்படங்களையும் வைத்திருக்கிறார். அதே கைபேசியில் வங்கிச் செயலியும் ஜிபேயும் இருக்கின்றன. ஏபிகேயை யார் எழுதினார், வழியில் யார் திருத்தினார் என்பதை அறிய அவரிடம் வழி இல்லை. ஸ்மார்ட் டிவியில் விளம்பரமில்லாமல் பார்க்கப் பலர் வைத்திருந்த ஸ்மார்ட்டியூப் செயலியின் கையொப்பச் சாவி 2025 கடைசியில் களவு போனது. தீய நிரல் கலந்த பதிப்புகள் வெளியாகின. அதை எழுதியவர் நேர்மையானவர்தான். அவருடைய கம்ப்யூட்டரில் நுழைந்தவர் அப்படி இல்லை.

149 ரூபாய்

நேர்வழி பிரீமியம். இந்தியாவில் அது 2019 மார்ச்சில் மாதம் ரூ.129க்கு வந்தது. 2024 ஆகஸ்டில் ரூ.149 ஆனது, குடும்பச் சந்தா ரூ.189லிருந்து ரூ.299க்கும், மாணவர் சந்தா ரூ.79லிருந்து ரூ.89க்கும் ஏறின. அமெரிக்காவில் அதே சந்தா 2023 ஜூலையில் 13.99 டாலர் ஆனது. இந்த இடைவெளியைப் பார்த்து, விபிஎன் போட்டு விலை குறைந்த நாட்டின் பெயரில் சந்தா வாங்கியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2024 ஜூனில் யூடியூப் அவற்றையும் ரத்து செய்யத் தொடங்கியது.

டாலரில் பார்த்தால் மலிவு. ரீசார்ஜில் பார்த்தால் வேறு. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை ஏற்றியபோது, தினம் 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் ரூ.239லிருந்து ரூ.299க்குப் போனது. ஒரு மாதம் முழுக்கப் பேசவும் நெட் பார்க்கவும் ஆகும் செலவில் பாதியை, விளம்பரம் வராமல் இருப்பதற்காக மட்டும் கட்டச் சொல்கிறது பிரீமியம். ஆறு பேர் சேர்ந்து பகிரும் குடும்பச் சந்தா தலைக்கு ஐம்பது ரூபாய்தான் வரும். ஆனால் விதிப்படி அவர்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். ஒருவர் ஆம்பூரிலும் இன்னொருவர் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது இடிக்கும். 2025 செப்டம்பரில் வந்த ரூ.89 பிரீமியம் லைட் நடுவழி: பெரும்பாலான வீடியோக்களில் விளம்பரம் இருக்காது, பாட்டிலும் ஷார்ட்ஸிலும் தேடும்போதும் வரலாம். பஸ்ஸில் அதிகம் ஓடுவது பாட்டும் ஷார்ட்ஸும்தான்.

கட்டும் முறையும் ஒரு தடைதான். தானாகப் பணம் எடுக்கும் சந்தாவுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. மாதம் மாதம் கணக்கிலிருந்து யாரோ எடுப்பதை விட, கையில் இருக்கும்போது கட்டிக்கொள்வதே சம்பளக்காரருக்கு நிம்மதி. இதை அறிந்தே யூடியூப் இந்தியாவில் முன்பணச் சந்தாவும் வைத்திருக்கிறது. 2024 உயர்வுக்குப் பின் அதன் விலை ஒரு மாதத்துக்கு ரூ.159, மூன்று மாதத்துக்கு ரூ.459, ஆண்டுக்கு ரூ.1,490. மாதம் மாதம் வாங்கினால், வசதியான முறைக்குப் பத்து ரூபாய் கூடுதல்.

என்ன விளம்பரம் வருகிறது

விளம்பரத்தின் அளவு மட்டுமே பிரச்சினை என்றால் சமாதானம் எளிது. தமிழ்நாட்டில் விளம்பரத்தோடு மக்களுக்குப் பழைய பழக்கம் உண்டு. டூரிங் டாக்கீஸில் ஊர் ஜவுளிக்கடையின் ஸ்லைடு ஓடியது; கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே ஃபர்னிச்சர் கடை ஊர்ந்தது. அவற்றில் பெரும்பாலும் கடை எங்கே என்று தெரியும், கடைக்காரர் யார் என்றும் தெரியும். யூடியூபில் வருபவரை யாருக்கும் தெரியாது.

ஆன்லைன் ரம்மி, ஐந்து நிமிடக் கடன், பங்குச் சந்தையில் பத்து நாளில் இரட்டிப்பு, சர்க்கரை நோயை அடியோடு தீர்க்கும் பொடி. கடைசி வகை சிஎம்சிக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் நோயாளிக் குடும்பங்களின் கைபேசியிலும் ஓடும். ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கான தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2024ல் மட்டும் இந்தியாவில் 29 லட்சம் விளம்பரதாரர் கணக்குகளை முடக்கி, 24.7 கோடி விளம்பரங்களை நீக்கியதாகக் கூகுள் தன் அறிக்கையில் சொல்கிறது. கூகுள் அதை வேகத்துக்குச் சான்றாகச் சொல்கிறது. அத்தனை பேர் வாசல் வரை வந்திருந்தார்கள் என்பதற்கும் அதே எண்தான் சான்று.

இதனால்தான் ஆட் பிளாக்கரை வெறும் ஓசி ஆசை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில், தேடல் விளம்பரங்களில் பிற நிறுவனங்களின் பெயரில் மோசடிக்காரர்கள் புகுந்திருப்பதை எச்சரித்து, ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளுமாறு பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. விளம்பரத்தைக் கட்டாயமாக்கும் தளம், அந்த விளம்பரத்தின் யோக்கியதைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. இப்போது கட்டாயம் பார்வையாளருக்கும், முயற்சி மட்டும் தளத்துக்கும் என்று பங்கு பிரிந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

ஆட் பிளாக்கர் சட்டப்படியானதா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஜெர்மனியில் கிடைத்தது. பத்திரிகைக் குழுமமான ஆக்செல் ஸ்பிரிங்கர் ஐயோ மீது தொடுத்த வழக்கில், ஆட் பிளாக்கர் நியாயமற்ற போட்டி ஆகாது என்று ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமையை வைத்துத் தொடுத்த இன்னொரு வழக்கை 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் மறு விசாரணைக்குக் கீழே அனுப்பியது. அதனால் கதவு முழுதாக மூடவில்லை. பார்வையாளரின் பிரவுசரில் ஆட் பிளாக்கர் இருக்கிறதா என்று அனுமதியின்றித் துழாவுவதே ஐரோப்பியத் தனியுரிமை விதிக்கு எதிரானது என்று தனியுரிமை ஆலோசகர் அலெக்சாண்டர் ஹான்ஃப் 2023 அக்டோபரில் அயர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார்.

இந்தியாவில் ஆட் பிளாக்கரைக் குறிப்பிட்டுத் தடுக்கும் சட்டம் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. விளம்பரத்தைத் தாண்டுவதை அந்த நோக்கத்தில் அடக்குவது வலிந்த பொருளாகத்தான் இருக்கும். தளத்தின் விதிமுறையை மீறுவது ஒப்பந்த மீறல். அதற்கு யூடியூப் எடுக்கும் தண்டனை வீடியோவை நிறுத்துவது.

யூடியூப் விளம்பரம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்டு. ஆபாச விளம்பரங்கள் கவனத்தைச் சிதைத்ததால் போட்டித் தேர்வில் தோற்றேன், கூகுள் ரூ.75 லட்சம் தர வேண்டும் என்று மத்தியப் பிரதேச இளைஞர் ஒருவர் போட்ட மனு 2022 டிசம்பரில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், ஏ.எஸ். ஓகா முன் வந்தது. விளம்பரம் பிடிக்கவில்லையென்றால் பார்க்காமல் இருக்கலாமே என்று கேட்ட அமர்வு, மனுவைத் தள்ளி முதலில் ஒரு லட்சம் அபராதம் விதித்து, வேலையில்லாதவர் என்று கெஞ்சியதும் ரூ.25,000 ஆகக் குறைத்தது. மனு பொருளற்றதாகவே இருக்கலாம். ஆனால் பார்க்காமல் இருப்பதற்கான கருவியைத்தான் ஆறு மாதத்தில் யூடியூப் தடுக்கத் தொடங்கியது.

தொலைக்காட்சிக்கு ஒரு வரம்பாவது எழுத்தில் இருக்கிறது. கேபிள் டிவி விதிகளின்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது: பத்து நிமிடம் வணிக விளம்பரம், இரண்டு நிமிடம் சொந்த நிகழ்ச்சி விளம்பரம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2012-13ல் கறாராக்க முயன்றபோது ஒளிபரப்பாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு இப்படி எழுதப்பட்ட நிமிடக் கணக்கு எதுவும் இல்லை.

யூடியூப் தனியாகவும் இல்லை. காசு கட்டிய சந்தாதாரருக்கும் விளம்பரம் காட்டும் முறையை அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 அன்று இந்தியாவில் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்பவர் ஏற்கெனவே கட்டும் சந்தாவுக்கு மேல் மாதம் ரூ.129 அல்லது ஆண்டுக்கு ரூ.699 கட்ட வேண்டும். ஐபிஎல் போட்டிகளை 2023ல் இலவசமாகக் காட்டிய ஜியோசினிமா, ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆன பிறகு, கீழ்நிலைச் சந்தா வாங்கியவருக்கும் விளம்பரத்தோடுதான் படம் ஓடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவைத் தொடங்கிய 12 நாடுகளில் இந்தியா இல்லை. இந்தச் செயலிகள் கைபேசியிலும் டிவியிலும்தான் அதிகம் ஓடுகின்றன. எக்ஸ்டென்ஷனுக்கு அங்கே இடமில்லாததால், ஆட் பிளாக்கரை எதிர்த்து அவை எச்சரிக்கைப் பெட்டி எதையும் காட்ட வேண்டிய தேவையும் பெரிதாக எழவில்லை.